மூக்கிரட்டை வேரும் மணல் வாளியும்

ஏழாயிரம்பண்ணை வள்ளித்தாய் தோண்டிய மூக்கிரட்டை வேர் ஒன்று சாத்தூர் ரயில் நிலையம் வரை நீண்டிருந்தது. சந்தேகமென்றால் அவளையே கேளுங்கள். அப்படித்தான் சொல்வாள், சொல்லிக்கொடுத்தவள் நான்தானே.

பட்டாசு கம்பெனி வேனுக்குக் காத்திருக்கும் நேரத்தில், மகள் பொன்மணிக்காகத் தரிசில் குந்தி அந்த வேர்களைச் சேர்த்தாள். பொன்மணி என்னிடம் எம்.எஸ்சி. வேதியியல் படித்தவள். மூக்கிரட்டை வேரில் ஆன்டிஆக்சிடன்ட் எவ்வளவு என்று அளப்பது அவளுடைய ஆய்வு. வேர்ச்சாற்றை ஊதாக் கரைசலில் கலந்து அரைமணி நேரம் இருட்டில் வைக்க வேண்டும். எவ்வளவுக்கு ஊதா வெளுத்து மஞ்சளாகிறதோ அவ்வளவுக்குச் சத்து. மறுநாள் தேர்வாளர் வருகிறார்; கடைசி அளவு மட்டும் பாக்கி.

அன்று லீவு போட்டுவிட்டு ஆய்வகத்துக்கு மகளுக்குச் சோறு கொண்டுவந்த வள்ளித்தாய், குழாய்களை இருட்டில் வைத்திருந்த அலமாரிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி! மருந்து நெறம் மாறுது! ஓடு!"

சோதனைக் குழாய்கள் அத்தனையும் தீயணைக்க வைத்திருந்த மணல் வாளிக்குள் போயின. அடுத்த நொடி அவளுடைய ஒரு கையில் மகள், மறு கையில் நான். வேப்பமரத்தடியில் நின்றபோதுதான் என் செருப்பு உள்ளேயே கிடப்பது தெரிந்தது.

"எம்மா, கெடுத்துட்டியே! நெறம் மாறணும்னுதானே வச்சிருந்தேன்!" பொன்மணி அழுதுவிட்டாள்.

"எங்க பட்டாசு ஷெட்டுல வெடிமருந்து நெறம் மாறினா வெளிய பாஞ்சிருவோம். எனக்கு வேற என்னட்டி தெரியும்?" மகளின் கையை அவள் இன்னும் விடவில்லை.

சாறு மிச்சமிருந்தது. ஊதாக் கரைசல் இன்னொரு தடவைக்குத்தான் காணும். பொன்மணி அம்மாவை வெளியே இருக்கச் சொன்னாள்.

"நீ உள்ள இருந்தா நானும் உள்ளதான்."

மணல் வாளியை மடியோடு அணைத்து அலமாரி முன்னால் உட்கார்ந்தாள் வள்ளித்தாய். "டீச்சரம்மா, நீங்க வாசப்பக்கம் இருங்க. ஒங்களால ஓட முடியாது."

"இப்பத்தானே ஓடினேன்?"

"நீங்க எங்க ஓடுனீக? நான்ல இழுத்துட்டுப் போனேன்!"

மறுபடி கலந்து வைத்த ஊதா, கதவிடுக்கில் அவள் பார்க்கும்போதே வெளுக்க ஆரம்பித்தது. அவள் கை மணலுக்குள் போனது. உதடு எதையோ முணுமுணுத்தது. ஆனால் மணலை அள்ளிய கை மேலே வரவில்லை.

கருவியில் அளந்துவிட்டுப் பொன்மணி திரும்பினாள். "நிறைய இருக்கும்மா."

"அப்ப வெடிக்காதுல்ல?"

"வெடிக்காது."

அதற்குப் பிறகுதான் வாளியை இறக்கி வைத்து, தூக்குச்சட்டியைத் திறந்தாள். ஆய்வகத்தின் ஸ்பிரிட் வாடையோடு அவளுடைய புளிக்குழம்பு மணமும் கலந்தது. எனக்கும் ஒரு உருண்டை கிடைத்தது.

ஓய்வு பெற்று விருதுநகரில் இருக்கிறேன். சுவரோரம் மூக்கிரட்டை ஊதாவாகப் பூக்கும்போதெல்லாம், செருப்பைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.