கவிதையில் ஒரு ‘நோ’

கடலூரில் அக்கா வீட்டுக் கூடத்தில், டிவிக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு ஜப்பானியக் கவிதை தொங்குகிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் அரசவைப் பிரபு ஒருவர் தூரிகையால் எழுதியதன் அச்சுப் பிரதி. எழுத்துகள் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழே இறங்குகின்றன. கரேலென்று தொடங்கும் மை போகப் போக வெளுத்து, காணாமல் போகும் சமயத்தில் சட்டென்று மறுபடி கறுக்கும். பிரபு அப்போதுதான் தூரிகையை மையில் தோய்த்திருக்கிறார்! எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குப் புல்லரிக்கும்.

இரண்டாயிரத்து ஆறில் அதை மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, பரிசாகக் கொடுத்தவர் இங்கே ஓர் ஆலைக்கு வந்திருந்த ஜப்பானிய நிபுணர். எங்களுக்கு அவர் ‘ஜப்பான் சார்’. மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். காண்ட்ராக்ட் வேலையில் அலுத்துப்போன மாமா, அப்படியொரு வேலைக்காகவே ராப்பகலாக ஜப்பானிய மொழி படித்திருந்தார். பரிசைப் பிரித்ததும் அவர் முகம் தொங்கிப்போனது. ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை.

“டாக்டர் சீட்டு மாரி இருக்கு. மெடிக்கல்ல குடுத்துப் பாருங்க, படிச்சிடுவாங்க” என்றாள் அக்கா.

மாமா சிரிக்கவில்லை. “இதக்கூடப் படிக்கத் தெரியாதவன் எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு வேல கேக்குறது?” என்றார்.

அந்த ஞாயிறு ஜப்பான் சாரைச் சிதம்பரம் கோயிலுக்கு அழைத்துப் போனோம். அந்த வேலைக்குத் தான் லாயக்கில்லை என்று அங்கேயே சொல்லிவிடுவதாக மாமா முடிவு செய்திருந்தார். பிராகாரச் சுவரில் இருந்த கல்வெட்டைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று சார் கேட்டார். சோழர் காலத்துத் தமிழ். எங்களுக்கு எங்கே வரும்? “இதோ ட! இங்க ப!” என்று துழாவியதோடு சரி. தெரியாது என்று மாமா தலையைக் குனிந்தார். சார் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சொன்னதை மாமா எனக்குத் தமிழில் சொன்னார்.

“அந்தக் கவிதய அவராலயும் படிக்க முடியாதாம்டா! அதுக்குன்னே படிச்சவங்களுக்குத்தான் வருமாம். அதுல அவருக்குத் தெரிஞ்சதே ஒரே எழுத்துதானாம். நோ!”

பாதியில் விட்ட முறுக்குச் சுற்று மாதிரி அந்த எழுத்தை சார் உள்ளங்கையில் வரைந்து காட்டினார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆள்தான் வேண்டும் என்று, மாமா வாயைத் திறப்பதற்குள் வேலையையும் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா ஓடிப்போய்க் கவிதையை எடுத்தார். அந்த எழுத்தின் மேல் விரலை வைத்து, “நோ! நோ!” என்று குதித்தார்.

“நோ சொல்லிட்டாரா?” என்ற அக்கா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். “வேல கெடச்சிடுச்சிக்கா!” என்று நான் கத்தியது அவள் காதில் ஏறவே இல்லை.

ஆறு வருஷமாகிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நல்ல சேதிக்கு ‘நோ’ என்றுதான் பெயர். நேற்று அக்கா மகள் பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தாள். டாக்டருக்குப் படிக்க வேண்டுமென்பது அவள் ஆசை. திரும்பி வந்தவளிடம் மார்க்கைக் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கூடத்துக்கு வந்து, எக்கி நின்று, கண்ணாடி மேல் விரலை வைத்தாள்.

“நோ!”

அக்கா சர்க்கரை டப்பாவை எடுக்க ஓடினாள்.