இடது பக்கத்துப் பட்டன்

நெட்டையன் செத்து ஆறு வருடம் ஆகிறது. அவனை ஏமாற்றுக்காரன் என்று சொன்ன வீடியோ விளையாட்டுக் கம்பெனி இன்னும் குத்துக்கல்லாட்டம் நிற்கிறது. பஸ் நிறுத்தத்தில் அவர்களுடைய விளம்பரப் பலகையைப் பார்த்தாலே அவன் கூட்டாளி வயர்மேனுக்கு வயிறு எரியும். ஊதா வெளிச்சத்தில் ஒருத்தன் நிற்கிறான், இடது கை முழுக்க இரும்பு, விரல் நுனியில் நெருப்பு. பக்கத்தில் நிற்பவர் யார் எவர் என்று பார்க்கமாட்டான் வயர்மேன்.

"கை போனவன் படத்தைப் போட்டுத்தான் சம்பாதிக்கிறான். ஆனா நிஜமா கை போனவன் வந்தா வெளிய தள்ளிக் கதவைச் சாத்தறான்" என்பான்.

பக்கத்தில் நிற்பவர் மெல்ல இரண்டடி தள்ளிப் போய்விடுவார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை.

நெட்டையன் லிப்ட் ஓட்டினான். ஏழு மாடி வணிக வளாகம், சரக்கும் ஆளும் ஒன்றாக ஏறுகிற பழைய லிப்ட், கையால் இழுத்துச் சாத்துகிற கம்பிக் கதவு. ஸ்டூலில் உட்கார்ந்தால் முட்டி கதவில் இடிக்கும், அவ்வளவு உயரம். இடது கை மணிக்கட்டோடு சரி. அந்தச் சட்டைக்கையை மடித்துப் பொத்தான் போட்டிருப்பான். மழையோ வெயிலோ, அந்தப் பொத்தான் அவிழ்ந்து யாரும் பார்த்ததில்லை.

"முன்ன ரெண்டு பட்டன் அமுக்கிக்கிட்டிருந்தேன். இப்ப எட்டு. பதவி உயர்வு குடுத்திருக்காங்கய்யா" என்று புதிதாக ஏறுகிறவர்களிடம் சொல்வான். அவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று விழிப்பார்கள். அதற்குள் மாடி வந்துவிடும்.

அந்த இரண்டு பட்டன் கதை இதுதான். வயர்மேனும் அவனும் கதவுக் கீல் அடிக்கிற பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். இவன் மின்சார வேலை, அவன் பிரஸ். தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் மெஷினில் ஆளுக்கு முன்னால் இரண்டு பச்சைப் பட்டன்கள் இருக்கும், தோளகலத்துக்குத் தள்ளித் தள்ளி. இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கும் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்கு அடியில் எந்தக் கையும் இருக்காது. அதற்காகத்தான் அந்த ஏற்பாடே. ஆனால் தகட்டை வைத்து, கையை எடுத்து, இரண்டு பட்டனையும் தேடி அமுக்குவதற்குள் நாலு வினாடி போகிறது என்று போர்மேன் கணக்குப் போட்டான்.

"இடது பட்டனை உள்ள தள்ளி டேப்பைச் சுத்திடு. ஒரு கை தகடு வைக்கட்டும், ஒரு கை அமுக்கட்டும்" என்றான் வயர்மேனிடம்.

வயர்மேன் சுற்றினான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பட்டறையில் எல்லா மெஷினிலும் அப்படித்தான் ஓடியது. மூன்றாம் வாரம் நெட்டையனின் கை போயிற்று.

விசாரணைக்கு ஆய்வாளர் வருவதற்குள் டேப் காணாமல் போயிருந்தது. பசை மட்டும் மிச்சம். 'வேகமாக முடிக்க வேண்டித் தொழிலாளி தானே பட்டனை அடைத்துள்ளார்' என்று எழுதிக்கொண்டு போனார்கள். வயர்மேனைக் கூப்பிட்டு, மின் இணைப்பு சரியாக இருந்ததா என்று கேட்டார்கள். சரியாக இருந்தது என்றான். கேட்டதற்குப் பதில் சொன்னான், கேட்காததை விழுங்கினான். அன்றைக்கு விழுங்கியது ஒன்பது வருடம் தொண்டையிலேயே நின்றது. நெட்டையனுக்கு இது தெரியாது என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

நெட்டையன் பெண்டாட்டிக்கு நிஜமாகவே தெரியாது. அவள் காகிதத்தில் இருந்ததை நம்பினாள். தேங்காய் உடைக்க முடியாமல், சட்டி தூக்க முடியாமல் புருஷன் தடுமாறும்போதெல்லாம் அவள் வாய் சும்மா இருக்காது. "யாரு அடைக்கச் சொன்னா? நீங்களே அடைச்சீங்க, நீங்களே குடுத்துட்டு வந்தீங்க" என்பாள். சொல்லிவிட்டு அவளேதான் சட்டியையும் தூக்கி வைப்பாள். வயர்மேன் அங்கே இருந்தால் அவனைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கண்ணே, நான் சொல்றது தப்பா?" என்பாள். வயர்மேன் டீயைச் சூட்டோடு சூடாக ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவான்.

அந்தக் கம்பெனியின் விளையாட்டு நெட்டையன் வாழ்க்கைக்குள் வந்தது வளாகத்தின் இரண்டாம் மாடிக் கடையில். அங்கே பெரிய டிவியில் அதை ஓட்டிக் காட்டுவார்கள். வானம் தெரியாத ஒரு நகரம், விடாமல் மழை, சுவரெல்லாம் எரிகிற எழுத்து. வயர்மேன் அதற்குக் கரண்டூர் என்று பேர் வைத்தான். உண்மையான பேர் அவன் வாயில் நுழையவில்லை. கரண்டூரில் ஒரு கம்பெனி. அது வேலைக்காரர்களின் கையை வெட்டிவிட்டு இயந்திரக் கை மாட்டும், பிறகு அந்தக் கை என்னுடையது என்று ஆளையே சொந்தம் கொண்டாடும். அப்படிக் கை போன ஒருத்தன் கம்பெனியை மாடி மாடியாக ஏறி அடிக்கிறான். மூன்று பாகம் வந்திருந்தது. மூன்றும் டிவியில் ஆடுவது, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியது. நெட்டையன் வேடிக்கை பார்த்ததோடு சரி.

"அந்தக் கம்பெனிக்காரன் எவ்வளவோ மேல்டா. வெட்டினாலும் வேற கையாவது மாட்டி விடறான்" என்றான்.

பிறகுதான் அதே விளையாட்டைச் செல்போனுக்கு என்று சுருக்கி விட்டார்கள். அதில் ஒரு விரல் முறை என்று ஒன்று இருந்தது. ஆள் தானாக ஓடுவான். தட்டினால் அடிப்பான், இழுத்தால் குனிவான். ஒரு கட்டைவிரல் போதும்.

நெட்டையன் ஆளே மாறிப்போனான். கூட்டம் இல்லாத நேரத்தில் போனைத் தொடைமேல் வைத்துக்கொண்டு வலது கட்டைவிரலால் அவன் ஆடுவதைப் பார்க்க வேண்டும். மாடிக்கு ஒரு அடி, கதவுக்கு ஒரு அடி. எங்கெங்கோ இருக்கிற மூன்று பேரோடு கூட்டணி சேர்ந்தான். அங்கே அவன் பேர் லிப்ட்காரன். கையைப் பற்றி அவர்களிடம் மூச்சு விடவில்லை.

"சொன்னா என்னடா?" என்று வயர்மேன் கேட்டான்.

"சொன்னா பாவம்பானுங்க. இப்ப 'லிப்ட்காரா, முன்னாடி போ'ங்கறானுங்க. எது நல்லாருக்கு?"

பதினோரு மாதம் முன்னாடி போனான். பிறகு ஒரு நாள் விளையாட்டைப் புதுப்பித்தார்கள். ஒரு விரல் முறையை எடுத்துவிட்டார்கள். அது சோம்பேறிகளுக்கு உதவுகிறது என்று கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் புகார் செய்தார்களாம். இனிமேல் திரையின் இடது பக்கம் விடாமல் தட்டினால்தான் ஆள் ஓடுவான், வலது பக்கம் தட்டினால் அடிப்பான். 'உண்மையான போராட்டம்' என்று அதற்கு ஒரு தலைப்பு வேறு. எவன் போராட்டம் உண்மை என்று யார் தீர்மானித்தது? குளுகுளு அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தனுக்கு, உலகத்தில் எல்லோருக்கும் இரண்டு கை என்று நினைப்பு. இரும்புக் கைக்காரன் கதையை எழுதி எழுதிக் காசு பார்த்தவனுக்கு, ஒரு கைக்காரன் அதை ஆடுவான் என்று தோன்றவே இல்லை பார்.

நெட்டையன் நாலு நாள் மூக்கால் தட்டிப் பார்த்தான். லிப்டில் ஏறியவர்கள் சிரித்தார்கள். ஐந்தாம் நாள் போனைப் பைக்குள் வைத்துவிட்டான். வயர்மேனுக்குப் பொறுக்கவில்லை. "மூணு நாள் பொறு, உனக்கு நான் கை செஞ்சு தர்றேன்" என்றான்.

செய்தான். லிப்டில் ஸ்டூலுக்குப் பக்கத்தில் மேசை விளக்கின் வளைகிற தண்டை வைத்து, அதில் போனைப் பிடித்து நிறுத்தினான். பழைய அழைப்புமணியில் இருந்த காந்தச் சுருளை எடுத்து, அதன் நாக்கில் நனைத்த பஞ்சில் ஒரு சின்ன முனை வைத்தான். தொடுதிரை வெறும் குச்சியை மதிக்காது, அதற்கு மனுஷ உடம்பு வேண்டும். அதனால் முனையிலிருந்து மயிரிழைக் கம்பி ஒன்றை எடுத்து, சட்டைக்கைப் பொத்தானை முதல் தடவையாக அவிழ்க்க வைத்து, நெட்டையனின் மொட்டைக் கையில் சுற்றி டேப் ஒட்டினான். காலடியில் தையல் மெஷின் மிதி. மிதித்தால் நாக்கு படபடவென்று திரையைத் தட்டும். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வயர்மேனுக்குத் தொழில் பெருமை. தட்டுவது விட்டு விட்டுத் தட்டக் கூடாது, ஒரே சீராக இருக்க வேண்டும் என்று ஒரு டைமரையும் சேர்த்தான். வினாடிக்கு நாலு தட்டு, மயிரளவு பிசகாது.

"கடிகாரம் தோத்துடும்டா!" என்றான்.

நெட்டையன் மொட்டைக் கையில் இருந்த டேப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு மிதித்தான். கரண்டூரில் ஆள் ஓடினான். நெட்டையன் அண்ணாந்து சிரித்த சிரிப்பில் நாலாம் மாடித் தையல்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

பத்தொன்பது நாள். இருபதாம் நாள் காலையில் திரையில் சிவப்பு எழுத்து. 'வெளிக்கருவி கொண்டு ஏமாற்றியதால் இந்தக் கணக்கு நிரந்தரமாக மூடப்படுகிறது.'

மனுஷ விரல் அப்படித் தட்டாதாம். மனுஷன் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் கொஞ்சமாவது முன்னே பின்னே வருவானாம். ஒரே சீராக வந்தால் அது திருட்டு இயந்திரம். வயர்மேன் எதைப் பெருமை என்று நினைத்துச் சேர்த்தானோ அதுவே காலை வாரிவிட்டது. ஏமாற்றியவர் பட்டியல் என்று வாரா வாரம் ஊருக்கெல்லாம் காட்டுவார்கள். அதில் லிப்ட்காரனும் வந்தான். கூட்டணிக்காரன் ஒருத்தன் அனுப்பியிருந்தான்: 'இத்தனை நாளும் திருட்டு ஆட்டம்தானா? உன்னையா முன்னாடி விட்டோம்?'

வீட்டில் பெண்டாட்டியும் கேட்டாள். "விளையாட்டுலயும் அதே வேலைதானா? எதையுமே நேரா செய்ய மாட்டீங்களா?"

வயர்மேன் முறையீடு எழுத உட்கார்ந்தான். படித்தது ஆறாம் வகுப்பு. போனில் ஒரு கட்டம் திறந்தது. காரணம் என்ன என்று அதுவே மூன்று பதில் வைத்திருந்தது: என் தம்பி விளையாடினான், என் கணக்கைத் திருடிவிட்டார்கள், மற்றவை. மற்றவையைத் தொட்டான். முந்நூறு எழுத்துக்குள் எழுதச் சொன்னது. முந்நூறு எழுத்தில் எதை எழுதுவது? கை போனதை எழுதினால் கருவிக்கு இடமில்லை. கருவியை எழுதினால் கைக்கு இடமில்லை. கடைசியில், 'கருவி நான் செய்தது, அவன் மேல் தப்பில்லை, அவனுக்கு ஒரு கைதான், கணக்கைத் திறந்து விடுங்கள் ஐயா' என்று எழுதி அனுப்பினான். ஐயா என்று வேறு போட்டான்!

நாலு நிமிடத்தில் பதில் வந்தது. 'கவனமாகப் பரிசீலித்தோம். முடிவில் மாற்றமில்லை.' நாலு நிமிடத்தில் ஒரு டீ ஆறாது. ஒரு மனுஷன் அதைப் படித்திருப்பானா? படித்திருந்தால் அவன் மனுஷனா?

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு வயர்மேன் லிப்டுக்கு ஓடினான். முற்பகல், நல்ல கூட்டம். இடையிடையே கிடைத்த சந்துகளில்தான் பேச முடிந்தது.

"விடமாட்டேன்டா. தினம் ஒண்ணு எழுதறேன். உன்மேல தப்பில்லை, நான்தான் செஞ்சேன்னு எழுதறேன்."

நெட்டையன் கதவை இழுத்துச் சாத்தினான். "எந்த மாடிம்மா? அஞ்சா?" என்று கூடை வைத்திருந்த அம்மாளைக் கேட்டான். அவள் இறங்கினாள். நெட்டையன் கதவைச் சாத்தினான்.

"இதுக்கு மட்டும் உண்மையை எழுதுவியா?" என்றான்.

வயர்மேன் போனைப் பைக்குள் வைத்தான்.

"டேப்போட கடைசி முனையை மடிச்சு ஒட்டறவன் அந்தப் பட்டறையில நீ ஒருத்தன்தான். பிரிக்க லேசா இருக்கும்னு மடிப்ப. அந்த மூணு வாரமும் என் இடது பட்டன்ல அந்த மடிப்பைப் பார்த்துக்கிட்டேதான் வேலை செஞ்சேன். இந்த மொட்டைக் கையில ஒட்டினதுலயும் அப்படியே மடிச்சிருந்த."

"நெட்டை..."

"ரெண்டாவது மாடியில ஆள் நிக்கிது, இரு."

இரண்டு பேர் ஏறி, போன் விலையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே கீழே இறங்கினார்கள். வயர்மேன் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். லிப்ட் மறுபடி காலியானது.

"போர்மேன் சொன்னான்டா. நான்..."

"அவன் சொல்லாம நீ செஞ்சிருக்க மாட்ட, தெரியும். அழாதடா, லிப்ட்ல தண்ணி ஒழுகுதுன்னு என்னைத்தான் கேப்பாங்க." நெட்டையன் ஸ்டூலில் சாய்ந்துகொண்டான். "நானே அடைச்சேன்னு ஒருத்தன் எழுதினான், பொறுத்துக்கிட்டேன். நீயும் பிள்ளைகுட்டிக்காரன், வேலை போயிடும்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப இன்னொருத்தன் திருடன்னு எழுதறான். ரெண்டு தடவையும் நான் ஒண்ணும் பண்ணலை. ரெண்டு தடவையும் பேர் எனக்கு. எத்தனை பேருடா எழுதுவானுங்க?"

"அந்தக் கம்பெனிக்கு எழுதறேன். ஆய்வாளர் ஆபீசுக்கும் எழுதறேன். இன்னைக்கே."

"எவனுக்கும் எழுத வேணாம். எவன் படிக்கிறான்?" மேலே மணி அடித்தது. ஏழாம் மாடி. நெட்டையன் பட்டனை அமுக்கவில்லை, கதவைத் திறந்து வைத்தான், வயர்மேன் வெளியே போகிற மாதிரி. "அவ இந்நேரம் வீட்டுலதான் இருப்பா. ஒன்பது வருஷமா நானே அடைச்சேன்னு நினைச்சுக்கிட்டுத் திட்டிக்கிட்டிருக்கா. உன்னை அண்ணன்னு கூப்பிடறா. நான் சொன்னா நம்பமாட்டா. நீ போய் அவகிட்ட சொல்லு."