லெப்பங்கோன்: ஆளா, மேடா?

ரங்கூனுக்கு வடக்கே உள்ள மாவ்பிக்கு மேற்கே நாலு மைலில் லெப்பங்கோன் என்று ஒரு கிராமம் இருக்கிறது. ரங்கூனில் நான் விசாரித்த ஒருவருக்கும் அது தெரியவில்லை. பங்குனி மாதத்துக் கடைசிச் செவ்வாயன்று, எட்டு மாதப் பெண்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தனியாகவே போய்வந்தேன். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் தமிழ்ப் பிள்ளைகளுக்காகப் புதிதாகத் தொடங்கும் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போக என் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டுவிட்டார். இப்போது மௌல்மீனில் பழைய வேலையை முடித்துக்கொண்டிருக்கிறார். "நீ போய்ப் பார். மனம் ஒப்பினால் மழைக்கு முன் மூவரும் குடிபோவோம். இல்லையென்றால் நீயும் குழந்தையும் கப்பலேறி மாயவரத்தில் இருங்கள், நான் மட்டும் போகிறேன்" என்று எழுதியிருந்தார். நல்ல மனிதர்தான். முடிவை மட்டும் என் மடியில் போட்டுவிட்டார்.

மழை என்றாலே எனக்குப் பயம். எங்கள் மூத்தவனைக் காய்ச்சல் கொண்டுபோனது ஒரு மழைக்காலத்தில். தெருவில் முழங்கால் தண்ணீர். டாக்டர் வீடு அரை மைல்தான், போய்ச்சேர முடியவில்லை. ஆகையால் எந்த ஊருக்குப் போனாலும் நான் கோயில் குளம் விசாரிப்பதில்லை. தண்ணீர் எதுவரை வரும், டாக்டர் எத்தனை தூரம், இந்த இரண்டுதான்.

ரங்கூனில், போட்டாதாங்கில் இருக்கும் எங்கள் மாடி அறையிலிருந்து ஸ்டேஷனுக்கு ஆள் இழுக்கும் லஞ்சா வண்டியில் மூன்றணா. காலை ஆறு நாற்பதுக்கு ரயில். மூன்றாம் வகுப்பில் பெண்கள் பெட்டி உண்டு, எட்டணா டிக்கெட். இன்செயின் தாண்டியதும் பெட்டி காலியாகிவிட்டது. குழந்தையும் தூங்கிவிட்டாள். ஒரு மணி நேரம் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் அறுத்த வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடிபோனால் இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது.

எட்டு இருபத்தைந்துக்கு மாவ்பி. ஸ்டேஷன் வாசலில் முத்தையா என்ற வண்டிக்காரர் மாட்டுக்கு வைக்கோல் காட்டிக்கொண்டிருந்தார். போக வர ஒரு ரூபாய் என்று பேசி ஏறினேன். ஊர்ப் பெயரைக் கேட்டதுதான் தாமதம், சரித்திரத்தையே ஆரம்பித்துவிட்டார்.

"ஒரு லெப்பையும் ஒரு கோனாரும் சேந்து கட்டுன ஊரும்மா. லெப்பை கடை போட்டாரு, கோனாரு மாடு வச்சாரு. அதான் லெப்பங்கோன்!"

"மழையில் ஊருக்குள் தண்ணீர் வருமா?"

"தண்ணி வரும், போவும். லெப்பையே பயப்படல, நீங்க ஏம்மா பயப்படுறீங்க?"

இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. இருபுறமும் பாளம் பாளமாக வெடித்த களிமண் வயல். மேற்கே லைங் ஆறு. அங்கிருந்து கிளை பிரியும் ஓடைகளில் இப்போது கொக்கு நடக்கிறது, ஆவணியில் படகு போகுமாம். கண்ணுக்கெட்டியவரை ஒரே மட்டம். இதில் வெள்ளம் வந்தால் எங்கே ஓடுவது? 'கப்பல்தான்' என்று மனத்துக்குள் முடிவே செய்துவிட்டேன்.

பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால் மாடுகள் திடீரென்று நடை தளர்ந்தன. முத்தையா நாக்கைச் சொடுக்கினார். என் மடியில் குழந்தை பின்பக்கமாகச் சரிந்தாள். அப்போதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காலேஜில் இரண்டு வருஷம் பூகோளம் படித்தவள் நான்.

ஊர் விளிம்பில் ஒரு பெரிய இலவ மரம். காய் வெடித்துப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. அதன் கீழ் டீக்கடை வைத்திருப்பவர் டோ மியா என்ற பர்மிய அம்மாள். வயது நாற்பது இருக்கலாம். காலஞ்சென்ற கணவர் தமிழராம். "வாங்க சயாகடோ" என்றார். வாத்தியார் பெண்சாதியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். இன்னும் முடிவாகவில்லை என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, லெப்பை கடை எங்கே இருந்தது என்று கேட்டேன்.

அவர் முத்தையாவைப் பார்த்தார். "இந்த அம்மாகிட்டயும் அளந்தியா? உன் மாடுகூட சிரிக்குது பாரு." என்னிடம் திரும்பி மரத்தைத் தட்டினார். "லெப்பன்னா இந்த மரம். கோன்னா மேடு. லெப்பையும் இல்ல, கோனாரும் இல்ல."

"மேடா? எங்கே மேடு?"

"நீங்க நிக்கிறதுதான்."

திரும்பி வந்த பாதையைப் பார்த்தேன். மெதுவாகச் சரிந்து கீழே போயிற்று. மாட்டுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை!

"எங்க அப்பா காலத்துல இங்க எருமைதான் குடித்தனம்" என்றார் டோ மியா. "மழைன்னா சுத்துப்பட்டு எருமையெல்லாம் ஏறி நிக்கும். அறுப்புக்கு வந்த தமிழ் ஆளுங்க ஒரு வருஷம் ஊருக்குத் திரும்பல. எருமைய எறக்கிட்டு அவங்க ஏறிட்டாங்க."

"எருமையோட குடியிருந்தது யாரு? உங்க அப்பாதான?" என்றார் முத்தையா.

"ஆமா. எருமை பொய் சொல்லாது."

இப்போது ஐம்பது வீடுகள் இருக்கும். பாதிக்கு மேல் தமிழர். ஒரே கிணறு, தண்ணீரில் துரு வாசம். இலவ மரத்தின் வேருக்கு ஒரு சாண் மேலே பழைய சேற்றுக் கோடு இருந்தது. வெள்ளம் ஏறிய அளவு அதுதானாம். அங்கிருந்து பள்ளிக்கூட வாசல்வரை எண்ணி நடந்தேன்: அறுபத்திரண்டு அடி, எல்லாம் ஏற்றம். வாசலில் நின்று பார்த்தால் அந்தக் கோடு என் பாதத்துக்கும் ஓர் ஆள் உயரம் கீழே இருக்கிறது. எங்களுக்கென்று ஒதுக்கிய மூங்கில் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். அங்கிருந்து பார்த்தால் வயலைத் தவிர ஒன்றுமில்லை.

"தண்ணி உள்ள வராது. ஆளும் வராது, ரெண்டு மாசம்" என்றார் டோ மியா, கூடவே வந்தவர்.

"டாக்டர்?"

"மாவ்பிதான். படகுல ரெண்டு மணி நேரம்."

"குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் பக்கத்தில் கம்பங்கள்மேல் நின்ற தம் வீட்டுக்கு அடியில் கவிழ்த்திருந்த படகைக் காட்டினார். புதிதாகக் கீல் பூசிய வாசனை.

"இருட்டினால்கூட வருவீர்களா?"

"காய்ச்சல் வெளிச்சம் பாத்தா வருது?"

குழந்தையை வாங்கிப் படகின் முதுகில் உட்காரவைத்தார். அவள் பறந்துவந்த பஞ்சைப் பிடிக்கப் பார்த்தாள். போட்டாதாங்கில் எங்கள் மாடிக்குக் கீழே நூறு படகு கட்டியிருக்கும். மூத்தவனுக்குக் காய்ச்சல் ஏறிய அன்று ராத்திரி எந்தப் படகுக்காரனை எழுப்புவது என்று எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

நாலு பத்துக்கு மாவ்பியில் ரயில் ஏறி, ஆறுக்கு ரங்கூன். மறுநாள் மௌல்மீனுக்கு, 'மூவரும் போவோம்' என்று காகிதம் போட்டேன். லத்தா கடைத்தெருவில் கொசுவலையும் ஹரிக்கேன் விளக்கும் வாங்கினேன். பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அதற்கு எவ்வளவு ஆழம் என்று அளந்துகொண்டேன், அவ்வளவுதான்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. கோடையில் போங்கள், வண்டிக்கூலியை ஏறுமுன் பேசுங்கள். குழந்தைக்குக் காய்ச்சிய தண்ணீர் கொண்டுபோங்கள். ஊர்ப் பெயருக்கு அர்த்தத்தைப் பர்மியர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம்மவர்கள் சொல்வது ருசியாக இருக்கும், ஆனால் அதை நம்பிக் குடிபோக முடியாது. ஆவணி, புரட்டாசியில் வருவதானால் வண்டி கிடையாது. பாதை தண்ணீரில் இறங்கும் இடத்தில் நின்று, இலவ மரம் இருக்கும் திக்கைப் பார்த்து, உரக்கக் கூப்பிடவேண்டும். "சயாகடோ" என்று கூப்பிட்டால் போதும். யாராவது கூப்பிடுகிறார்களா என்று நான் கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.