என்ன புரிந்தது என்று கேட்ட அக்கா

அக்கா அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. வழிபாட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் என் வணக்கம். நான் அவருடைய ஒரே தங்கை. பதினைந்து வயதிலிருந்து நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். இங்கே எழுதியிருப்பவை அந்த நோட்டுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தவை.

அக்கா, சுங்கை சிப்புட்டை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தின் மூன்றாம் டிவிஷனில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் கடைசி வீட்டில் பிறந்தார். அப்பா மரம் சீவிப் பால் வெட்டினார். அம்மாவுக்குக் களையெடுக்கும் வெளிக்காட்டு வேலை. அக்காவுக்கும் எனக்கும் ஆறு வயது இடைவெளி. அம்மா தவறியபோது எனக்கு வயது பத்து. அதன் பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டதும், சட்டை தேய்த்துக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பியதும் அக்காதான். பள்ளியிறுதியான ஐந்தாம் படிவம் முடித்த கையோடு ஈப்போவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தார்.

இருபத்தேழு வயதில், பதினொரு மாதப் பயிற்சிக்காக அத்தொழிற்சாலை அவரை ஜப்பானுக்கு அனுப்பியது. எங்கள் தோட்டத்திலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் அவர். வழியனுப்ப லயமே திரண்டது. நெத்திலிச் சம்பல் மட்டும் நான்கு வீட்டிலிருந்து வந்தது. ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்த மாமா, "அங்க மரத்தப் பாத்தா கை சும்மா இருக்காதுலா. பால் கத்தியப் போட்டுறாத, அது அவங்க பூ மரம்" என்றார். அழுதுகொண்டிருந்த அப்பாகூடச் சிரித்துவிட்டார்.

அந்தப் பதினொரு மாதங்களில் அக்கா எனக்கு இருபத்து மூன்று கடிதங்கள் எழுதினார். அவற்றில் ஆறாவது கடிதத்தைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் துரை, கணக்கெழுதும் கிராணி, மண்டோர் யார் எது சொன்னாலும் பதில் 'சரிங்க' என்பதுதான். அதற்குச் சம்மதம் என்று பொருள் இல்லை. புரிந்தது என்றும் பொருள் இல்லை. காதில் விழுந்தது, நீங்கள் போகலாம் என்பதே பொருள். அக்கா அந்த வழக்கத்தையும் ஜப்பானுக்குக் கொண்டுபோயிருந்தார். பயிற்சி கொடுத்த அம்மையார் எதை விளக்கினாலும், அந்த மொழியில் 'ஹை' என்று தலையாட்டினார். ஒருநாள், பசை எவ்வளவு நேரம் உலர வேண்டும் என்று அந்த அம்மையார் மூன்று முறை விளக்கினாராம். அக்கா மூன்று முறையும் 'ஹை' சொன்னார். மாலையில் அன்று ஒட்டித் தட்டுகளில் அடுக்கிய பாகங்கள் அத்தனையும் வீணாகிப் போயிருந்தன. வேலை போயிற்று, நாளையே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்து அக்கா நின்றிருக்கிறார்.

"அவங்க எங்கிட்ட குனிஞ்சு மன்னிப்பு கேட்டாங்க பாப்பா," என்று எழுதியிருந்தார். "உனக்குப் புரிஞ்சிச்சான்னு நான் பாக்கல, தப்பு என்னுதுன்னாங்க. மேல உள்ளவங்க கீழ உள்ளவங்ககிட்ட மன்னிப்பு கேட்டு நான் பாத்ததே இல்ல. திட்டியிருந்தா தாங்கியிருப்பேன்."

வெளிநாடு போனவர்கள் துணிமணியும் வானொலிப் பெட்டியும் கொண்டுவருவார்கள். அக்காவும் எனக்கு ஒரு பேனா கொண்டுவந்தார். ஆனால் அவர் பையில் அடங்காமல் வந்தது வேறு. மேற்பார்வையாளரான பிறகு, தம் உற்பத்தி வரிசையில் இருந்த பெண்களிடம் எதையாவது சொன்னால், "என்ன புரிஞ்சிச்சு? நீ சொல்லு பாப்போம்" என்று கேட்பார். அவர்கள் தவறாகச் சொன்னால், "நான் ஒழுங்கா சொல்லல" என்று முதலிலிருந்து தொடங்குவார். குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. 'திருப்பிச் சொல்லு அக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஒரு கல்யாணப் பந்தியில், "அக்காகிட்ட ரசம் கேக்காதீங்க, என்ன கேட்டேன்னு சொல்லச் சொல்லும், அதுக்குள்ள சோறு காஞ்சிரும்" என்று அவர்களில் ஒருத்தி கேலி செய்தது நோட்டில் இருக்கிறது. அந்த வரிசைப் பெண்களில் பலர் இன்று இங்கே வந்திருக்கிறீர்கள். அவருக்காக நீங்கள் எவ்வளவு செய்தீர்கள் என்பதை நான் அறிவேன்.

அக்காவுக்கு முப்பது வயதானபோது மறுபடியும் அழைப்பு வந்தது. அதே ஊர், அதே அம்மையாரோடு வேலை. பல நாடுகளிலிருந்து வருவோருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும்; இரண்டு ஆண்டுகள். அக்கா அந்த மொழியை அடுப்படியில் சத்தமாகப் பேசிப் பழகினார். அந்த ஊரின் கடல் எங்கள் கடல் போல இருக்காது, சாம்பல் நிறமாக இருக்கும், ஆனால் பார்த்தால் மனம் அடங்கும் என்பார். அவ்வளவு மகிழ்ச்சியாக அவரை நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

புறப்பட ஏழு வாரம் இருந்தபோது தோட்டம் கைமாறியது. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிறுத்தி, தோட்டத்தை வாங்கிய நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் மலாயில் எழுதிய கடிதத்தை வாசித்தார். சம்மதமா என்று கேட்டார். பத்தொன்பது வீட்டுப் பெரியவர்களும் 'சரிங்க' என்றார்கள். கையெழுத்தும் போட்டார்கள்.

மாலையில் வேலை முடிந்து வந்த அக்கா, கடிதத்தில் என்ன இருந்தது என்று அப்பாவைக் கேட்டார். புது வீடு கொடுக்கப் போகிறார்கள் என்றார் அப்பா. அடுத்த வீட்டில், கூரை மாற்றப் போகிறார்கள் என்றார்கள். அதற்கடுத்த வீட்டில், அது கோயில் விஷயம் என்றார்கள். மூன்று மாலைகளில் அக்கா பத்தொன்பது வீட்டையும் ஏறி இறங்கினார். கடித நகலை வாங்கி வாசித்த அக்காவைத் தவிர, வீட்டை விட்டு வெளியேறச் சம்மதித்திருக்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

"நீ கெளம்பும்மா. இங்க நாங்க பாத்துக்குறோம்," என்றார் அப்பா.

"என்ன பாத்துப்பீங்கன்னு சொல்லுங்கப்பா."

மறுநாள் அக்கா தொழிற்சாலையில் தம் பெயரை எடுத்துவிடச் சொன்னார். அவர் இடத்தில் வேறொரு பெண் போனார்.

அதிகாரியின் அலுவலகத்துக்கு நானும் உடன் போனேன். அக்கா மலாயில் நிதானமாகப் பேசினார். எங்கள் ஆட்கள் சொன்னது சம்மதம் இல்லை, கேட்டுக்கொண்டோம் என்பதுதான். கேட்ட விதத்திலும் பிழை, சொன்ன விதத்திலும் பிழை. இரண்டு பக்கமும் மறுபடி தொடங்கலாம் என்றார். அந்த மனிதர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்றார். வந்தார். அதன் பின் இரண்டு ஆண்டுகளில் இருபத்தாறு கூட்டங்கள். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் ஒருவர் எழுந்து, அன்று பேசியதைத் தம் வாயால் சொல்ல வேண்டும் என்பது அக்கா வைத்த ஒழுங்கு. முதலில் கூச்சப்பட்டவர்களே பின்னர் அதிகாரியை நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். பட்டணத்து ஓரத்தில் பத்தொன்பது வீடுகள் ஒரே வரிசையில் கிடைத்தன. சாமான்களை ஏற்றிப் போன லாரியின் ஓட்டுநர்தான் அத்தான். எந்த வீட்டுச் சாமான் எங்கே இறங்க வேண்டும் என்று அவரையும் திருப்பிச் சொல்ல வைத்திருக்கிறார். ஒன்றுகூடப் பிசகாமல் சொன்னதால்தான் கட்டிக்கொண்டேன் என்பார் அக்கா.

பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார். தொழிற்சாலை ஜப்பானுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அந்த அம்மையாரிடமிருந்து புத்தாண்டு அட்டை மட்டும் பல ஆண்டுகள் வந்தது. ஓர் ஆண்டு வரவில்லை. அதன் பின்னும் சில ஜனவரிகளில், தபால்காரர் வரும் நேரத்தில் அக்கா காரணமில்லாமல் வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஜப்பானுக்குப் போகும் ஆசை இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் அப்பவே போச்சு பாப்பா" என்றார். அப்படியே நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டேன்.

அறுபதாம் வயதில் நோய் வந்தது. ஈப்போ மருத்துவமனையில் ஒரு காலை, மருத்துவர் கட்டிலைச் சுற்றி நின்ற எங்களிடம் ஆங்கிலத்தில் பேசினார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். அவர் போனதும் அக்கா என்னைப் பார்த்தார்.

"டாக்டர் என்ன சொன்னாரு? நீ சொல்லு பாப்பா."

இனி வைத்தியம் பலிக்காது, வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம், சில வாரங்கள்தான் என்று நான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் பேசிய மிகக் கடினமான மூன்று வாக்கியங்கள் அவை.

"சரியா புரிஞ்சிக்கிட்ட," என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். பத்தொன்பது நாள் கழித்து, விடியும் வேளையில் அமைதியாகக் கண் மூடினார்.

அந்த நாட்களில் முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த வரிசை வீட்டாருக்கும், தூக்கிப் புரட்டி முகம் சுளிக்காமல் கவனித்த தாதியருக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய கோயில் குழுவினருக்கும், தொலைவிலிருந்து பேருந்து பிடித்து வந்த தோட்டத்து உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. அத்தானுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது. அதிலும் சென்ற மாதத்துக்குப் பிறகு.

இம்மலரின் அட்டைக்குப் படம் தேடி, சென்ற மாதம் அக்காவின் அலமாரியைத் திறந்தேன். புடவைகளுக்கு அடியில், ரப்பர் வளையம் போட்டு, கடப்பிதழ்கள் என்னும் பாஸ்போர்ட்டுகள் ஏழு இருந்தன. முதலாவதில் மட்டும் முத்திரைகள். மற்ற ஆறிலும் எல்லாப் பக்கங்களும் வெள்ளையாக இருந்தன. அத்தானிடம் எடுத்துப் போனேன்.

"அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா இதப் புதுப்பிக்க நான்தாம்மா மோட்டார்ல ஏத்திக்கிட்டு ஈப்போவுக்குப் போவேன்," என்றார். "எதுக்குன்னு கேட்டா, சும்மா இருக்கட்டும்லான்னு சொல்லும். நானும் சரின்னுருவேன்."

ஏழு படங்களையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். முதலாவதில் இரட்டைப் பின்னல். ஏழாவதில் காதோரம் முழு நரை. எதிலும் சிரிப்பில்லை. எல்லாவற்றிலும் பொட்டு நடுவில், பார்வை நேராக. நீங்கள் அட்டையில் காண்பது ஏழாவது படம். அந்தக் கடப்பிதழ் இன்னும் பதினொரு மாதம் செல்லும்.