பாம்பனில் குத்திய காது

மதுரையில் ரயிலேறுகிற எங்கள் பக்கத்து ஜனங்கள் ராமேஸ்வரத்தில்தான் இறங்குவார்கள். கோயில், தீர்த்தம், திரும்பும்போது பிள்ளைகளுக்குப் பாசிமணி. என் அப்பா அதற்கு முந்தைய நிறுத்தத்திலேயே, பாம்பனில், என்னைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது. கோயிலுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். "கோயில்ல கூட்டந்தான் இருக்கும். தீவுன்னா காலாற நடந்து பாக்கணும்" என்றார். எழுமலையில் எங்கள் உரக்கடையிலிருந்து அடுத்த தெரு டீக்கடைக்குப் போவதற்கே வண்டியை எடுக்கிற மனுஷர் அவர்.

இங்கே என் காதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு ஒரு வயதிலோ மூன்று வயதிலோ தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்திவிடுவார்கள். எனக்கு ஒன்பது வயதாகியும் குத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பெயரை வாத்தியார் மட்டும்தான் சொல்வார். மற்றவர்களுக்கெல்லாம் நான் மூளிக் காது. எனக்கும் ஒரு தாய்மாமன் இருந்தார், அம்மாவின் ஒரே தம்பி. அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிப்பதில்லை.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்களாம். தாய்வீட்டுச் சீர்தான் முதலில் படியேற வேண்டும். மாமா சீர் ஏற்றி வந்த வண்டி உசிலம்பட்டி தாண்டிப் பஞ்சராகி நின்றுவிட்டது. நல்ல நேரம் முடியப்போகிறதே என்று அப்பாவுக்குப் பதற்றம். தன் அக்கா புருஷனைக் கூப்பிட்டு, அவர் தட்டை முதலில் படியேற்றி, அந்த மரியாதையை அவருக்குச் செய்துவிட்டார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மாமா மேளத்தோடு வந்து வாசலில் நின்றபோது, "இம்புட்டு நேரங்கழிச்சு வந்தா யாரு காத்துக்கெடப்பா?" என்று அத்தனை சனத்துக்கு முன்னால் கேட்டும் விட்டார். மாமா தட்டுகளை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். எட்டு வருஷம் ஆகியும் திரும்பவில்லை.

அப்பா வழிச் சொந்தங்கள் சும்மா இருப்பார்களா? வேறு யாராவது மாமன் முறைக்காரர் மடியில் வைத்துக் குத்தினால் போச்சு என்று வருகிறபோதெல்லாம் அம்மாவைப் பிடுங்கி எடுப்பார்கள். அம்மா ஒரே பதில்தான் சொல்வாள்: "அவன் வரட்டும்." சண்டை போடுகிற குரலில்கூட இருக்காது. அடுப்பில் இருக்கிற பருப்பைக் கிண்டிக்கொண்டே சொல்வாள்.

மாமா பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறார் என்று அப்பா எப்படியோ விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. "புள்ளைக்குக் கடலக் காட்டிட்டு வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். அவர் கையில் ஒரு மஞ்சப்பை இருந்தது. தூக்கி வருகிறேன் என்று கேட்டதற்குத் தரவில்லை.

காலாற நடந்தோம். முதலில் எனக்கு ஒரே சந்தோஷம். சாலைப் பாலத்தின் ஓரமாக நின்று பார்த்தால் ஒரு பக்கம் பச்சைத் தண்ணீர், இன்னொரு பக்கம் நீலத் தண்ணீர். கீழே விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. காற்று பாவாடையைப் பிடித்து இழுத்தது. கலங்கரை விளக்கத்தைப் பார்த்தோம். கருவாடு காயப்போட்டிருந்த மணலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தோம். அப்புறம் படகுத்துறைக்குப் போகிற தெருவில் திரும்பினோம். அங்கே தகரக் கதவு போட்ட ஒரு பெரிய கட்டடம். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம். வாசலில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அப்பாவின் கை என் கையை இறுக்கியது. கதவுக்கு நேரே வந்ததும் வேகமாகத் தாண்டிப் போய்விட்டார்.

மறுபடியும் கலங்கரை விளக்கம். மறுபடியும் கருவாடு. மறுபடியும் அந்தத் தகரக் கதவு. இந்த முறை எதிரே இருந்த பெட்டிக்கடையில் நின்று எனக்கு ஒரு கலர் வாங்கிக் கொடுத்தார். தனக்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. கண் அந்தக் கதவிலேயே இருந்தது. உள்ளேயிருந்து யாராவது வெளியே வந்தால் சட்டென்று கடைக்குள் திரும்பி, தொங்குகிற ஷாம்பு பாக்கெட்டுகளைப் பார்ப்பார். வீட்டில் அப்பா குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும். அன்றைக்குக் காலையிலிருந்து அவர் பேசியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். யாரோ அப்பாவை அடிக்க வரப் போகிறார்கள், நாங்கள் ஒளிந்து ஒளிந்து நடக்கிறோம் என்றுதான் நான் நினைத்தேன்.

மத்தியானம் ஒரு கப்பலுக்காக ரயில் பாலத்தைத் திறந்தார்கள். ஊரே கரையில் நின்று பார்த்தது. தண்டவாளம் நடுவில் பிளந்து இரண்டு பக்கமும் மேலே தூக்கிக்கொண்டது. "அப்பா, அங்க பாருங்கப்பா" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். அத்தனை பேரும் கடலைப் பார்க்க, அவர் ஒருவர் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார்.

மூன்றாவது தடவை அந்தக் கதவைத் தாண்டியபோது வெயில் சாய்ந்திருந்தது. சாயங்கால ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. என் கால் வலித்தது. கோபம் கோபமாக வந்தது. கதவு அப்போது பாதி திறந்திருந்தது. உள்ளே ஆள் உயர ஐஸ் பாளங்களைக் கொக்கியால் இழுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்படி என்னதான் இருக்கிறது பார்த்துவிடலாம் என்று நான் அப்பாவின் கையை உதறிவிட்டு உள்ளே ஓடினேன்.

தரையெல்லாம் ஈரம். இரண்டு எட்டு வைப்பதற்குள் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். மேலேயிருந்து சரிவில் ஒரு பாளம் என்னை நோக்கி வழுக்கிக்கொண்டு வந்தது. யாரோ கத்தினார்கள். அதற்குள் ஒரு கை என் இடுப்பில் விழுந்து தூக்கியது. பாளம் சுவரில் மோதி நொறுங்கிய சத்தம் கேட்டது. தூக்கியவர் லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார், ஒல்லி, கறுப்பு. "யாரு புள்ள நீ? இங்கெல்லாம் வரலாமா?" என்று அதட்டினார். நான் அழுதுகொண்டே, "எழுமல" என்றேன்.

அவர் என்னை வெளிச்சத்துக்குத் திருப்பினார். என் முடியை ஒதுக்கிக் காதைப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்து, முகத்தைத் திருப்பி அந்தப் பக்கமும் பார்த்தார். ஐஸ் பிடித்த விரல், ஜில்லென்று காது மடலைத் தொட்டது. திருகப் போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் திருகவில்லை. என்னை இறக்கிவிட்டு, கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டி வந்தார்.

அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மாப்ளே" என்றார்.

அவர்தான் மாமா என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அப்பா அவசர அவசரமாக மஞ்சப்பையைத் திறந்தார். ஒரு எவர்சில்வர் தட்டு, வெற்றிலை பாக்கு, தேங்காய், மஞ்சள், வெயிலில் கறுத்துப்போன ஒரு சீப்பு வாழைப்பழம். நின்றிருந்த ஐஸ் வண்டியின் பின்பலகையில் தட்டை வைத்து எல்லாவற்றையும் அடுக்கினார். அடுக்குகிற அவசரத்தில் பாக்கு உருண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்துத் துடைத்து வைத்தார். பிறகு இரண்டு கையாலும் தட்டை நீட்டினார்.

"புள்ளைக்குக் காது குத்தணும் மாப்ளே. நீதான் வந்து மடியில வைக்கணும். நான் அன்னைக்குப் பேசுனது தப்பு."

வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாமா தட்டைப் பார்த்தார், வாங்கவில்லை.

"நான் கொண்டாந்ததும் இப்பிடித்தான் அடுக்கி இருந்துச்சு மச்சான்" என்றார். "ஒங்க வாசல்ல நான் கால் வைக்க மாட்டேன். என்னைக்கும் மாட்டேன். ஆனா இந்தப் புள்ள என்ன செஞ்சுச்சு? இப்பிடி மூளியா நிக்கிது."

"அப்ப என்னதான் செய்யச் சொல்ற?"

"கடத்தெருவுல ஆசாரி இருக்காரு. வாங்க, இப்பவே குத்திருவோம்."

அப்பா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "ஒங்க அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்று இழுத்தார். மாமா வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா போனைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார். எட்டு வருஷமாகச் சிக்காத ஆள் இப்போது சிக்கியிருக்கிறார், ஒரு நிமிஷம் தாமதித்தால் மனசு மாறிவிடும் என்று பயந்திருப்பார். போனைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆசாரியின் பட்டறை ஒரு ஆள் உட்காரும் அகலம்தான். மாமா பாதி வழியில் தன் அறைக்குள் நுழைந்து ஒரு சிறு துணிமுடிச்சோடு வந்தார். என்னை மடியில் வைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தார். உள்ளே பொட்டு மாதிரி இரண்டு தோடு. ஆசாரி கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "அண்ணே, இது கைக்குழந்தைக்குச் செஞ்சதுல்ல? இம்புட்டுப் பெரிய புள்ளைக்குக் கண்ணுக்கே தெரியாதே" என்றார். மாமா, "அதையே போடுங்க" என்றார்.

எனக்கு அழுகை பொங்கியது. வலிக்காக இல்லை, அது ஒரு நொடி சுருக்கென்றது, அவ்வளவுதான். பட்டுப் பாவாடை இல்லை, கிடாவெட்டு இல்லை, போட்டோக்காரர் இல்லை, ஒன்பது வருஷம் காத்திருந்தது இந்தக் குருணைத் தோட்டுக்கா என்று இருந்தது. மாமாவின் கை மட்டும் என் வயிற்றைச் சுற்றிக் கெட்டியாகப் பிடித்திருந்தது. குத்தி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

ஸ்டேஷன்வரை வந்தார். அப்பாவோடு பேசவில்லை. ரயில் வந்ததும் என்னைத் தூக்கி ஏற்றிவிட்டு, "ஒங்கம்மாகிட்டச் சொல்லு. எங்கடமைய முடிச்சுட்டேன்னு சொல்லு" என்றார். மறந்துபோகக் கூடாது என்று மதுரை வரைக்கும் அதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். எனக்கு அதில் பெருமை. பெரியவர்கள் என்னிடம் ஒப்படைத்த முதல் சேதி அது. அப்பாவும் நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து காணாமல் போயிருந்த குரல் திரும்பி, பக்கத்து இருக்கைக்காரருக்கு உரம் போடுகிற பக்குவத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

மதுரையில் அத்தை வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் ஊர் வந்து சேர்ந்தோம். அம்மா வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்க் காதைக் காட்டினேன். குடம் நிரம்பி வழிந்தது. அம்மா குழாயை மூடவில்லை.

"யாரு மடியில?"

"மாமா மடியில."

அம்மா என் தாடையைப் பிடித்து அந்தத் தோட்டையே பார்த்தாள். முகம் மலர்ந்து வந்தது. "எப்ப வாரானாம்?" என்று கேட்டாள்.

நான் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தேன். "எங்கடமைய முடிச்சுட்டேன்னு சொல்லச் சொன்னாரு."

அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா சிரித்துக்கொண்டே வந்தவர் அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அம்மா சத்தம் போடவில்லை.

"இம்புட்டு நாளும் அந்தக் காத எதுக்குக் குத்தாம வச்சிருந்தேன்னு நெனச்சீக? அது ஒண்ணுதான அவன என்னைக்காச்சும் இந்த வாசலுக்குக் கொண்டாந்திருக்கும்" என்றாள்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அம்மா சொன்னது ஒன்றும் பிடிபடவில்லை. அவள் அழுவதற்கு ஒரே காரணம்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அழாதம்மா, சின்னத் தோடுதான, பெருசா மாத்திக்கலாம்" என்றேன்.