தறி சத்தத்துல ஒரு டைமர் தேடுன கதை

ஆன்லைன்ல "எந்த டைமர் வாங்கலாம்"னு பக்கம் பக்கமா எழுதி வெச்சிருக்கானுங்கல்ல, அதுல ஒருத்தன்கூட தறி ஓடற ஊட்டுல ஒரு நாள் இருந்ததில்லைங்க. இருந்திருந்தா "பீப் சத்தம் நல்லா கேக்கணும்"னு மொத பாயிண்டா போட்டிருக்க மாட்டான்.

எங்கூடு குமாரபாளையம். முன்னாடி ஊடு, பின்னாடி பட்டறை, பட்டறைல எட்டு பவர்லூம். அந்த சத்தத்துலதான் தூங்கி எந்திரிச்சு, படிச்சு, இன்ஜினியரிங் அரியரெல்லாம் கிளியர் பண்ணேன். இப்ப வேலையும் ஊட்டுல இருந்தேதான். மத்த நேரம் பாறை ஏறுறேன். ஆமாங்க, பாறைதான். கயிறெல்லாம் கெடையாது. கீழ ஒரு மெத்தை, மேல நானு.

சங்ககிரிக்குப் பக்கத்துல லாரி நிறுத்தற எடத்துக்குப் பின்னாடி ஒரு பாறை இருக்குது. ரெண்டு ஆள் ஒசரம்கூட இருக்காது. ஆனா கடைசியா புடிக்கற எடம் இருக்கே, பாதி வெரல்தான் நிக்கும், பிஸ்கட் ஓரம் மாதிரி. பெங்களூர்ல இருந்து கூலிங்கிளாஸ் போட்டுட்டு ஒரு குரூப் வந்துச்சு. ஒரு நாள் பூரா வழுக்கிட்டு, "இது ஆகாத கல்லு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டானுங்க. எங்க ஆட்டத்துல ஒரு பாறைய மொத ஏறுனவங்கதான் அதுக்குப் பேர் வெப்பாங்க. அந்தப் பேர் நான்தான் வெக்கணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

அதுக்கு வெரல்ல பலம் வேணும். வெரல் நொழையற அளவு காடி வெட்டுன ஒரு பலகை, அத ஒசரத்துல மாட்டி வெரல் நுனியில தொங்கணும். ஏழு செகண்ட் தொங்கு, மூணு செகண்ட் விடு, இப்படியே ஆறு தடவை, அப்பறம் நல்லா ரெஸ்ட்டு. ஊட்டு வாசக்கால்ல மாட்டுனா அம்மா என்னையவே மாட்டி உட்ருவாங்க. அதனால பட்டறை வாசல்ல இருக்கற இரும்பு கர்டர்ல மாட்டுனேன்.

மொதல்ல டைமரெல்லாம் எதுக்குன்னு ஒரே திமிரு. தறிக்காரன் புள்ளைக்கு கடிகாரம் வேணுமா? வாசலோரத் தறி செகண்டுக்கு ரெண்டு அடி அடிக்கும். பதினாலு அடி வரைக்கும் தொங்குனா ஏழு செகண்டு. கணக்கு சரிதானுங்களே. ஒரு மாசம் சூப்பரா போச்சு.

அப்பறம் திடீர்னு என்னமோ கை வீக்காயிட்ட மாதிரி ஆயிடுச்சு. நாலாவது தடவையிலயே வெரல் கழண்டுக்குது. சரி, நாமதான் சோம்பேறி ஆயிட்டோம்னு இன்னும் வெறியா தொங்குனேன். மோதிர வெரல் அடியில சுருக் சுருக்குன்னு ஒரு வலி. டம்ளர் புடிக்க முடியல.

என்கூட ஏறுறவ ஒருத்தி, காலேஜ்ல இருந்து ஃப்ரெண்டு, சேலத்துக்காரி. அவ அத்தா, அதாங்க அவங்கப்பா, கடைவீதில கடிகாரக் கடை வெச்சிருக்காரு. நான் தொங்கறத வீடியோ எடுத்து அனுப்புனேன், அவ உடனே போன் பண்ணா.

"ஏண்டி, ஒம்போது செகண்ட் தொங்கிட்டு இருக்க?"

"பதினாலு அடிதாண்டி எண்ணுறேன்."

"எத எண்ணுற?"

"தறி."

 சிரிச்சா பாருங்க, ரெண்டு நிமிசம் சிரிச்சிருப்பா.

பட்டறைக்குப் போயி அப்பாகிட்ட கேட்டேன். "ஏங்ப்பா, வாசத் தறி மெதுவா ஓடுதுங்களா?"

"ஆமா சாமி. புது ரகத் துணி போட்டிருக்குது, நூல் அறுந்துக்கிட்டே இருந்துச்சு. மோட்டார் புல்லிய மாத்தி வேகத்தக் கொறச்சுட்டேன். ஏன், உனக்கென்ன?"

எனக்கென்னவா. அவரு புல்லிய மாத்துனதுல என் வெரல் போச்சு.

டாக்டரு வெரலுக்குக் கட்டுப் போட்டு, ஆறுற வரைக்கும் தொங்கவே கூடாதுன்னுட்டாரு. அந்த கேப்லதான் டைமர் வேட்டை. எங்க ஊட்டு லட்சணத்துக்கு எது தாங்குமோ அதத்தான் வாங்கறதுன்னு முடிவு. சேலத்துக்காரி அவங்க கடையில இருந்து டெமோ பீஸ் ஒவ்வொண்ணா தூக்கிட்டு பஸ்ல வந்தா. "பஞ்சு ஒட்டாம திருப்பிக் குடு, அத்தா பாத்தா நான் செத்தேன்"ங்கறதுதான் ஒரே கண்டிசன்.

மொதல்ல போன்ல ஃப்ரீ ஆப்பு. பீப் அடிக்குதுன்னு ஸ்கிரீன்ல தெரியுது, காதுல ஒண்ணும் உழுகல. ப்ளூடூத் ஸ்பீக்கர்ல போட்டு ஃபுல் சவுண்டு வெச்சேன். மூணாந் தறி ஓட்டற அண்ணன் படக்குன்னு தறிய நிறுத்திட்டு, குனிஞ்சு அடியில பாக்கறாரு.

"அம்மிணி, எதோ தேஞ்சு கத்துதுங்க. பேரிங்கா என்னன்னு தெரியல."

அப்பா வந்து ஸ்பீக்கர ஆஃப் பண்ணிட்டாரு. "பத்து நிமிசம் வாசத் தறிய மட்டும் நிறுத்துங்ப்பா, டெஸ்ட் பண்ணிக்கறேன்"னு கேட்டேன்.

"ஓடற தறிய எதுக்கு சாமி நிறுத்தறது"ன்னாரு. கோவமெல்லாம் இல்ல. சூரியனக் கொஞ்சம் நிறுத்துங்கன்னு கேட்டா எப்படி பாப்பாங்களோ, அப்படி பாத்தாரு. எங்க தாத்தா செத்தன்னைக்கு நின்னது அந்தத் தறிங்க. அதுக்கப்பறம் ரிப்பேரு வந்தாலோ கரண்டு போனாலோதான் நிக்கும்.

அடுத்து கையில கட்டற வாட்ச்சு, வைப்ரேட் ஆவுற மாடல். கர்டரே எட்டுத் தறிக்கும் சேந்து அதிருது. சும்மா கைய வெச்சாலே வாட்ச் அதிருதா, நான் அதிர்றனான்னு தெரியல, தொங்குனா என்ன தெரியும்.

மூணாவதா ஜிம்ல மாட்டற பெரிய டிஜிட்டல் கடிகாரம். பாக்கறதுக்கு மாஸா இருந்துச்சு, பட்டறையே ஏர்போர்ட் மாதிரி ஆயிடுச்சு. ஆனா தொங்கும்போதும் செகப்பு நம்பர், ரெஸ்ட்லயும் அதே செகப்பு நம்பர். தொங்கிட்டே எது எதுன்னு யோசிக்க முடியுங்களா. போதாக்கொறைக்கு நடுவுல கரண்டு போயி அதுவும் அவிஞ்சுது. "இது வேண்டாம், பஸ்ல தூக்கிட்டு வந்த எனக்குத்தாண்டி எக்சர்சைஸ்"ன்னா அவ.

கடைசியா ஒண்ணு கொண்டாந்தா. உள்ளங்கை சைசு. சார்ஜ் போட்டுக்கலாம். தொங்கறப்ப பச்சை, விடறப்ப செகப்பு, ஆறு முடிஞ்சதும் பெரிய ரெஸ்ட்டு தனியா செட் பண்ணிக்கலாம். பின்னாடி காந்தம். தறிக் கால்ல ஒட்டுனேன். அதிர்வுல அது மெல்ல மெல்ல எறங்கி கழிவுப் பஞ்சு கூடைக்குள்ள உழுந்துருச்சு. எடுத்துத் தொடச்சு, சன்னல் கம்பியில நூல் கயித்தப் போட்டு இறுக்கிக் கட்டுனேன். இருட்டுலயும் தெரியுது, சத்தமும் தேவையில்ல. டெமோ பீஸயே வாங்கிக்கிட்டேன். பஞ்சு ஒட்டுனத அவ அத்தாகிட்ட காட்டறதுக்கு அதுதான் பெட்டர்.

டாக்டரு கட்டப் பிரிச்சு தொங்கலாம்னதுக்கப்பறம் பட்டறைல எல்லாருக்கும் அதுதான் டிவி. செகப்பு எரிஞ்சும் நான் தொங்குனா மூணாந் தறி அண்ணன் கைய ஆட்டி "எறங்குங்க அம்மிணி"ம்பாரு. பச்சை அணையறதுக்குள்ள கழண்டா தலைய இப்படி இப்படி ஆட்டுவாரு பாருங்க, அந்த அவமானத்துக்கே வெரல் இறுகிப் போச்சு.

வெரல் நல்லா பலமாகி, பழைய காடில இருந்து சின்னக் காடிக்கு மாறுனதும், ஒரு ஞாயித்துக்கிழமை காலைல சங்ககிரி போனோம். லாரியோரமா பல்லு வெளக்கிட்டு இருந்த டிரைவருங்க ரெண்டு பேரு வேடிக்கை பாக்க வந்துட்டாங்க.

"ஏம்மா, உழுந்தா நாங்கதானே ஏத்திட்டுப் போகோணும். சிமெண்ட் லோடு இருக்குது, எடம் இல்ல பாத்துக்க."

"உழுகாம ஏறிக்கறேனுங்ண்ணா."

மொத ரெண்டு தடவை உழுந்தேன். மூணாவது தடவை அந்த பிஸ்கட் ஓரத்துல நாலு வெரல் ஒக்காந்துச்சு. அப்பப் பாத்து கால் வழுக்கிருச்சு. மொத்த ஒடம்பும் அந்த வெரல்லதான் தொங்குது. முன்ன இருந்த நானா இருந்தா அங்கயே கழண்டிருப்பேன். கண்ணுக்குள்ள பச்சை எரிஞ்சுட்டே இருந்துச்சுங்க. செகப்பு வரட்டும், அது வரைக்கும் உடறதில்லன்னு நின்னேன். கால் எங்கயோ மாட்டுச்சு, இழுத்தேன், மேல போயி ஒக்காந்துட்டேன். கீழ அவ என்னமோ கத்துறா. டிரைவரண்ணன் வாயில பிரஷ்ஷோட கை தட்டறாரு.

சாயங்காலம் பட்டறைல அப்பாகிட்ட வீடியோவக் காட்டுனேன். போன தூரமா புடிச்சுப் பாத்தாரு.

"சத்தம் ஒண்ணும் கேக்கலியே சாமி."

"சத்தம் எதுக்குங்ப்பா, பாத்தாப் போதும்."

அவரு போன எங்கிட்ட குடுத்துட்டு வாசத் தறிகிட்ட போயி நிறுத்துனாரு. அப்பறம் அடுத்தது. அப்படியே வரிசையா எட்டும். ஓட்டிட்டிருந்தவங்க என்னாச்சோன்னு எந்திரிச்சுட்டாங்க. கரண்டு இருக்குது, லைட்டு எரியுது, தறி மட்டும் ஓடல. சமையக்கட்டுல அம்மா டம்ளர் வெக்கற சத்தம் பட்டறைல கேக்குது. என்னமோ ஏதோன்னு அவங்களும் ஓடி வந்துட்டாங்க.

"இப்பப் போடு."

போட்டேன். என் மூச்சு கேக்குது, கால் வழுக்கற சத்தம் கேக்குது, அப்பறம் என் ஃப்ரெண்டு கத்துன கெட்ட வார்த்தை பட்டறை பூரா கணீர்னு கேக்குது. மூணாந் தறி அண்ணன் வாயப் பொத்திக்கிட்டாரு. அப்பா மூஞ்சிய சீரியஸா வெச்சுக்கிட்டுத்தான் பாத்தாரு.

"இன்னொருக்கா போடு சாமி."

அந்தப் பாறைக்கு ஸ்டைலா இங்கிலீசுல ஒரு பேரு ரொம்ப நாளா யோசிச்சு வெச்சிருந்தேன். அத தூக்கிப் போட்டுட்டேன். இப்ப சேலத்துல இருந்து, பெங்களூர்ல இருந்து எவன் வந்து கேட்டாலும் அந்தக் கல்லோட பேரு 'எட்டுத் தறியும் நின்னுச்சு'.