முப்பதடி பின்னால்

சித்தூருக்கு வெளியே அப்போது மாம்பழக் கூழ் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. கப்பலேறி வெளிநாடு போகிற கூழ். அதில் ஒரு கம்பெனியில் நான் இரண்டு சீசன் கத்திக் கணக்குப் பார்த்தேன். பத்தாவது பாஸ், தெலுங்கும் தமிழும் எழுத வரும், யாரிடமும் வாய் கொடுக்கமாட்டான் என்று என்னை அந்த மேஜையில் உட்கார வைத்தார்கள்.

பழம் அறுக்கிற பெண்கள் அறுபது பேர். ஆளுக்கொரு கத்தி. மரப்பிடியில் காய்ச்சிய கம்பியால் நம்பர் சுட்டிருக்கும். காலையில் வாங்கிப்போன கத்தியைச் சாயங்காலம் என்னிடம் திருப்பித் தர வேண்டும். நான் நோட்டில் டிக் போட்டு, சுவரில் அதே நம்பர் ஆணியில் மாட்டுவேன். ஒரு கத்தி குறைந்தாலும் அன்றைக்கு அடைத்த டின்களை எல்லாம் நிறுத்திவிடுவார்கள். கூழில் இரும்பு போனால் மொத்த சரக்கும் திரும்பிவரும் என்று சூப்பர்வைசர் தினமும் எச்சரிப்பார்.

இருபத்தேழாம் நம்பர் கத்தி வைத்திருந்த பெண் எங்கள் குடிபாலா பக்கம்தான். என் ஊருக்கு முந்தைய ஊர். இன்டர், அதாவது பன்னிரண்டாவது, முடித்துவிட்டு, திருப்பதியில் நர்ஸ் படிப்பில் சேர வேண்டும் என்று அந்த ஒரு சீசன் மட்டும் வேலைக்கு வந்திருந்தாள். கூலியைச் சேர்த்துக் காட்டினால் சேர்த்துவிடுவதாக அவளுடைய அப்பா ஒத்துக்கொண்டிருந்தார். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அதை மறைத்து எழுதினால் இது பொய்யாகிவிடும்.

ஒரு நாள் கத்தி கொடுக்க வரிசையில் நின்றபோது, பக்கத்தில் இருந்த மேஜைத் தலைவியிடம் அவள் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த அம்மாளைப் பெண்கள் எல்லாரும் அத்தை என்பார்கள்.

"ரோட்ல எறங்கி ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள உசுரு போவுது அத்த. ரெண்டு பக்கமும் கரும்பு."

அவள் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் நான் எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் என் ஊருக்கு டிக்கெட் வாங்கிவிட்டு அவள் ஊர் நிறுத்தத்திலேயே இறங்கினேன். பஸ் போன ரோட்டிலேயே அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால். முப்பதடி இடைவெளி. அந்த இடைவெளியை நான் பெரிய மரியாதையாக நினைத்தேன். பொழுது சாய்ந்திருந்தது, கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நின்றது. ஊரின் முதல் விளக்கு தெரிந்ததும் நான் வரப்பில் இறங்கி என் ஊருக்குப் போய்விட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. மனசு நிறைந்திருந்தது.

அப்படியே இருபது நாள் போலப் போயிற்று. சில நாள் அவள் வேகமாக நடப்பாள். தூரம் கூடிவிடக் கூடாதே என்று நானும் வேகமாக நடப்பேன். ஒரு நாள் நடுவழியில் நின்றுவிட்டாள். கிட்டே போகக் கூடாது என்பதால் நானும் நின்றேன். இரண்டு பேரும் அசையாமல் நின்றோம். பிறகு அவள் ஏறக்குறைய ஓடினாள். பாம்பு கீம்பு பார்த்திருப்பாள் என்று நினைத்து நானும் ஓடினேன்.

அப்போது எனக்குச் சந்தேகமெல்லாம் எங்கள் பஸ் கண்டக்டர் மேல்தான். தெலுங்கும் தமிழும் கலந்து ஓயாமல் பேசுகிறவர். மாம்பால் வாசனையோடு பெண்கள் ஏறினதும், "ஊறுகா பார்ட்டி அந்தா வெனக்கிப் போங்கம்மா, எறும்பு ஏறிடும்" என்று எல்லாரையும் பின்னால் போகச் சொல்வார். பஸ்ஸே சிரிக்கும். ஒரு தடவை இவளைப் பங்கனபள்ளி என்று கூப்பிட்டார். இவள் திரும்பி, "எனக்குப் பேரு இருக்குது. அப்டிக் கூப்புடாதீங்க" என்றாள். அவர் காதைத் தொட்டுக்கொண்டார். அதற்கப்புறம் அந்த வார்த்தை அவர் வாயில் வரவேயில்லை. அதை நான் கவனித்தேன். இருந்தும், இப்படிப்பட்ட ஆளிடமிருந்துதான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டே அவள் பின்னால் இறங்கினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை இருபத்தேழாம் நம்பர் கத்தி வரவில்லை. அவள் கை வெறுமனே இருந்தது. சாப்பாட்டுப் பையின் ஓரத்தில் மரப்பிடி தெரிந்தது. நான் பையைப் பார்த்ததை அவளும் பார்த்தாள். கூழில் விழவில்லையே, பையில்தானே இருக்கிறது என்று எண்ணி நான் டிக் போட்டேன். உபரிப் பெட்டியிலிருந்து நம்பர் இல்லாத ஒரு கத்தியை எடுத்து இருபத்தேழாம் ஆணியில் மாட்டினேன். அவள் கண் முன்னால்தான் மாட்டினேன். உனக்காகச் செய்கிறேன் என்று தெரியட்டும் என்றுதான். அவள் முகம் வெளுத்ததை வெட்கம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமையும் அப்படியே செய்தேன். திங்கட்கிழமையும் செய்து முடித்த நேரத்தில் சூப்பர்வைசர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஆணி ஆணியாகப் பார்த்தார். நம்பர் இல்லாத கத்தியைக் கையில் எடுத்தார். அவளை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். கணக்கு நோட்டோடு என்னையும். மேஜைத் தலைவி என்பதால் அத்தையும் வந்தாள்.

பையைத் திறந்தார்கள். பழைய துணியில் சுற்றிய கத்தி. ஏன் எடுத்தாய், யாருக்கு விற்கப் போனாய் என்று சூப்பர்வைசர் கேட்டார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அவர் சொன்ன பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"ஊருக்கு நடக்கும்போது ஒருத்தன் பின்னால வந்துக்கினே இருக்கான் சார். அதுக்குத்தான்."

"எவரு வாடு?" யார் அவன் என்று தெலுங்கில் கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எவன் அவன்? தினமும் நான் பின்னால் போகிறேனே, ஒருத்தனையும் பார்த்ததில்லையே. அந்தச் சாலையை மனதில் ஓட்டினேன். கரும்பு, வாய்க்கால், மோரி என்கிற சின்னப் பாலம், அவள். அவளுக்கு முப்பதடி பின்னால் என்னைத் தவிர யாரும் இல்லை.

நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை, அவள் பேர் சொல்லமாட்டாள் என்பது தெரிந்தது. ஆனால் அவள் வேலை போய்விடும். படிப்பும் போய்விடும்.

"நான்தான் சார் அது" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். ஏதோ பெரிய சிக்கல் தீர்ந்த மாதிரி நாற்காலியில் சாய்ந்தார். "இதா விஷயம்? நல்ல பையன்தானேம்மா. டென்த் பாஸ். பக்கத்து ஊரு. உங்க நைனாகிட்ட நானே வந்து பேசறேன்."

"எங்க நைனாகிட்ட போவாதீங்க சார்." அவள் குரல் முதல் முறையாக உயர்ந்தது. "ஒருத்தன் பின்னால வர்றான்னு காதுல வுழுந்தா அவன ஒண்ணும் கேக்கமாட்டாரு. என்னத்தான் வூட்ல ஒக்கார வப்பாரு."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "தொணைக்கு வான்னு ஒரு நாளு கேட்டனா உன்ன?"

பயப்படுவாய் என்றுதான், என்று ஏதோ முனகினேன்.

"பயந்தேன். யாரப் பாத்துன்னு நெனச்ச? நின்னா நிக்கற. ஓடுனா ஓடியார. கத்தி எடுத்தத நீ பாத்த, பாத்துட்டு டிக்கு போட்ட. இதுக்கு இன்னா கேக்கப் போறானோன்னு மூணு நாளா சோறு துன்னல நானு."

நான் நல்லது என்று நினைத்துச் செய்ததெல்லாம் அந்த அறையில் வேறொன்றாக மாறி நின்றது. டிக் போட்டது தப்பு, முதல் நாளே எழுதியிருக்க வேண்டும், அவளை நிறுத்துவதென்றால் அதற்கு முன் என்னை நிறுத்துங்கள் என்று மட்டும் சொன்னேன்.

சூப்பர்வைசருக்கு அது பிடிக்கவில்லை. கம்பெனி ரூல் என்று ஆரம்பித்தார். அதுவரை சுவரோரம் நின்ற அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"வாசல்ல எத்தினி லாரி பழம் நிக்குது சார்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பொண்ணு வெளிய போனா எங்க மேஜ இருவது பேரும் கத்திய மாட்டிட்டுப் போறோம். பழம் அழுகிப் போவட்டும்."

சொல்லிவிட்டு உட்காரக்கூட இல்லை, அப்படியே நின்றாள். ஜன்னல் வழியாக லாரிகள் தெரிந்தன. அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். கடைசியில் அவளிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார். அவள் வீட்டுக்குச் சொல்லமாட்டேன் என்பதையும் அத்தை அவர் வாயாலேயே சொல்ல வைத்தாள். என்னை மறுநாளிலிருந்து வாசலில் பழக்கூடை இறக்கப் போட்டார்.

வெளியே வந்ததும் அத்தையிடம், அவளிடம் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுவிடுகிறேன் என்றேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அது உன் மனசு ஆறறதுக்கு. அந்தப் பொண்ணுக்கு வேணாம்பா. மன்னிப்பு கேக்கறேன்னு மறுபடியும் அது எதிர்ல போயி நிக்காத. வேற பஸ்ல போ."

அன்றிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து வருகிற பஸ்ஸில் போனேன். பத்து நாள் கழித்து அத்தை கூடைகளுக்கு நடுவே வந்து, கேட்காமலே ஒன்று சொன்னாள். கண்டக்டர் ஒரு சாயங்காலம் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி அவளிடம், "எம்மா, இருட்டா இருக்குதே, ஊர்கிட்ட மோரியாண்ட நிறுத்தட்டா, வேணாமா?" என்றாராம். வேணும் என்றாளாம். இப்போது பஸ் தினமும் அங்கே நிற்கிறதாம். ஊர் விளக்கு அங்கிருந்தே தெரியும்.

"பயம் போச்சா?" என்று கேட்டேன்.

"பையில மொளகாப்பொடி வச்சிக்கினுதான் போவுது. நீ வேற பஸ்ல போறேன்னா ஒடனே போயிடுமா?"

நாற்பது பேர் நடுவில் உரக்கக் கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடத் தயாராக இருந்த அந்த வாயாடியையும், ஒரு வார்த்தை கேட்காமல் ஒழுக்கமாகப் பின்தொடர்ந்த என்னையும் எத்தனையோ தடவை பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கூச்சக்காரன் கெட்டவனாக இருக்கமாட்டான் என்று என்னைப் பற்றி எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்திருந்தேன்.

சீசன் முடிந்த அன்று பெண்கள் பேசிக்கொண்டே வாசலைத் தாண்டினார்கள். நான் கூடைகளின் பக்கம் திரும்பி நின்று, பேச்சுச் சத்தம் ரோட்டுக்குப் போகும்வரை காலிக் கூடைகளை அடுக்கினேன். அவள் திருப்பதியில் சேர்ந்துவிட்டதாக அத்தை சொன்னாள். மூன்று வருஷப் படிப்பு. எந்தக் கல்லூரி என்று நான் கேட்கவில்லை.

அந்த வருஷமே எனக்கும் திருப்பதியில் வேலை வந்தது. அலிபிரி போகிற ரோட்டில் ஒரு லாட்ஜ், பதிவு நோட்டு எழுதுகிற வேலை. எங்கள் பக்கத்துப் பையன்கள் பாதிப் பேர் அப்போது பெங்களூருக்கோ திருப்பதிக்கோ போய்க்கொண்டிருந்தார்கள். வருகிறதை ஏன் விடுகிறாய் என்று வீட்டில் சத்தம் போட்டார்கள். மலை ஒத்துக்கொள்ளாது, சளி பிடிக்கும் என்று ஏதேதோ சொல்லிச் சித்தூர் மண்டியிலேயே மூட்டை தூக்கினேன். அந்த மூன்று வருஷமும் கழிந்து நாலாவது வருஷம்தான் திருப்பதி பஸ் ஏறினேன்.